மூன்று தட்டு

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். எங்கள் தெருவில் அதற்குச் சாட்சியாக ஒரு மரமே நின்றது. ஊரில் எவர் வீட்டுக் கூரைமேல் எந்த மரம் சாய்ந்தாலும் ஓடிப்போய் வெட்டித் தருகிற மனிதர், தன் வீட்டு மரத்தை மட்டும் மூன்று வருடமாக வெட்டாமல் வைத்திருந்தார். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே, வேலியை ஒட்டி நின்ற தைலமரம் அது. இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப் பிடிக்கலாம். ஒவ்வொரு மழைக்கும் ஒரு விரற்கடை என் கூரைப் பக்கம் சாய்ந்துகொண்டு வந்தது. "இந்த மழைக்கு முன்னாடி எடுத்துடறேம்மா" என்பார். மழை வரும், போகும். மரம் போகாது.

நான் தையல்காரி. என் மிஷின் இருப்பது அந்த மரத்தைப் பார்த்த ஜன்னலோரம். காலையிலிருந்து சாயங்காலம் வரை கால் மிதித்துக்கொண்டிருக்கும், கை துணியைத் தள்ளிக்கொண்டிருக்கும், கண்ணும் காதும் பக்கத்து வீட்டில் இருக்கும். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அவரை அண்ணன் என்பேன், அவர் மனைவியை அண்ணி என்பேன். சொந்தமெல்லாம் கிடையாது, ஒரே வேலி, அவ்வளவுதான். அண்ணி என்னை "நாத்தனாரே" என்று கூப்பிடுவாள், வம்புக்கு.

அண்ணன் விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவார். வாசற்படியில் உட்கார்ந்து ரம்ப மிஷினின் சங்கிலியைத் தொடைமேல் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பல்லாக அரம் போடுவார். பல்லுக்கு மூன்று இழுப்பு, அதற்கு மேல் கிடையாது. அண்ணி டிபன் டப்பாவில் சோறும் குழம்பும் போட்டு, மேல்தட்டில் இரண்டு அவித்த முட்டை வைப்பாள். சாயங்காலம் அதில் ஒரு முட்டை திரும்பி வரும். "காட்டுக் கோழி இன்னைக்கும் போட்டுச்சு, குருவி" என்று மகளிடம் நீட்டுவார். குருவிக்குப் பத்து வயது. காட்டுக் கோழி அவித்த முட்டை போடாது என்பது அவளுக்கு ஐந்து வயதிலேயே தெரியும். ஆனாலும் ஒவ்வொரு நாளும் ஆச்சரியப்பட்டுக்கொண்டுதான் வாங்குவாள்.

அந்தக் குழந்தைக்குக் குருவி என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. வாய் ஓயாது. அண்ணன் குளித்து, தலையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு வந்து, முன்னறையில் பாய் போட்டுக் குப்புறப் படுப்பார். குருவி சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகில் ஏறி நடப்பாள். இடுப்பிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து இடுப்புக்கு. நடந்துகொண்டே பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது முதல் மணி அடித்தது வரை எல்லாவற்றையும் ஒப்பிப்பாள். கீழேயிருந்து "ம்ம்... ம்ம்" என்று சத்தம் வரும். கலியாணம் காட்சி என்று எதற்கும் போகாத மனிதர், அந்த அரை மணி நேரத்தை மட்டும் யாருக்காகவும் விட்டதில்லை. மரம் ஏற்றுகிற லாரிக்காரர் வந்து வாசலில் நின்றாலும், "முதுகு முடியட்டும்" என்பாள் அண்ணி.

அவரோடு மலைக்கு மரம் வெட்டப் போகிறவன் அண்ணியின் தம்பி. ஆறடிக்கு மேல் இருப்பதால் நெட்டையன். பதினைந்து வருடமாக இரண்டு பேரும் ஒரே ஜோடி. மாமா வெட்டுவார், இவன் மேலே ஏறிக் கயிறு கட்டுவான், ஆட்களை விலக்குவான். அண்ணனின் பெருமையைத் தெருவுக்குக் கொண்டுவந்து சேர்த்தவனும் இவன்தான். எந்த மரமானாலும் மிஷினை இயக்குவதற்கு முன் அண்ணன் கோடாலியின் பின்புறத்தால் மூன்று தட்டு தட்டுவாராம். முழங்கால் உயரத்தில் ஒன்று, இடுப்பில் ஒன்று, நெஞ்சில் ஒன்று. தலையைச் சாய்த்துக் கேட்பார். 'ணங்' என்றால் மரம் கெட்டி. 'பொத்' என்றால் உள்ளே பொக்கை. பொக்கை மரத்தை வெட்டுகிற முறையே வேறு. தெரியாமல் கெட்டி மரம் மாதிரி வெட்டினால் பாதி அறுக்கும்போதே பிளந்துவிடும், பிறகு எந்தப் பக்கம் விழும் என்று அந்த மரத்துக்கே தெரியாது. மூன்று தட்டு முடிந்து அண்ணன் "கெட்டி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அதற்குமேல் மலையில் யாரும் வாயைத் திறப்பதில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நெட்டையன் என் வாசலில் வந்து நின்றான். வேலை நாளில் அவன் ஊரில் இருப்பதே அதிசயம். கையில் ஒரு சட்டை. கன்னத்தில் கோடு போட்டமாதிரி ஒரு சிராய்ப்பு.

"டெய்லரக்கா, இதக் கொஞ்சம் தைச்சுக் குடுங்க. அக்கா கண்ணுல படறதுக்குள்ள."

சட்டையை விரித்தேன். தோளிலிருந்து முதுகு வரை கிழிந்திருந்தது. தையல் விட்டுப் போன கிழிசல் இல்லை, துணியே நார்நாராகப் பிய்ந்திருந்தது.

"எந்தப் புலிகிட்ட சிக்கினே?"

அவன் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்தாலே அறை சின்னதாகிவிடும்.

"மரந்தான்க்கா. முந்தாநாள். பிளந்து சுத்திருச்சு. கிளை முதுக உரசிட்டுப் போச்சு. ஒரு அடி இந்தப் பக்கம் நின்னிருந்தேன்னா சட்டைய நான் எடுத்துட்டு வந்திருக்க மாட்டேன்."

"ஏன்டா, அண்ணன் தட்டிப் பாக்கலியா?"

"பாத்தாரு. மூணு தட்டும் தட்டினாரு. கெட்டின்னாரு."

"அப்புறம்?"

அவன் தரையில் கிடந்த துணித் துண்டை எடுத்துச் சுருட்டினான், பிரித்தான்.

"நான் பத்தடி தள்ளி நின்னேன். எனக்குப் பொத்துன்னு கேட்டுச்சுக்கா. மூணு தடவையும் பொத்து. நல்லாவே கேட்டுச்சு."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"என்னன்னு சொல்றது? மாமா கெட்டின்னுட்டாரு. பதினஞ்சு வருஷத்துல ஒரு தடவ தப்பினதில்ல. என் காதுலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். விரல வெச்சுக் காதக் குடைஞ்சுகூடப் பாத்தேன்."

நான் மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டேன்.

"பிளக்கிற சத்தம் கேட்டதும் கத்தினேன். மூணு தடவ கத்தினேன். அவர் முதுகு காட்டி நின்னு அறுத்துக்கிட்டே இருக்காரு. ஓடிப் போய்ச் சட்டையப் பிடிச்சு இழுத்தேன். அதுலதான் எனக்குப் பட்டுச்சு." நெட்டையன் கன்னத்தைத் தடவினான். "விழுந்து எந்திரிச்சு மாமா என்னப் பாத்தாரு. நான் அவரப் பாத்தேன். டிபன் டப்பாவ எடுத்துக்கிட்டு இறங்கிட்டோம். மிஷின் ரிப்பேருன்னு வீட்ல சொல்லிருக்கோம்."

"இனிமே?"

"தெரியலக்கா. அவரோட ஏறவும் பயமா இருக்கு, அவர விட்டுட்டு ஏறவும் மனசு வரல. அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

தையல்காரியிடம் ரகசியம் தங்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. வாய் நிறையக் குண்டூசி வைத்திருப்பதால் வந்த நம்பிக்கை. தலையாட்டினேன். அவன் போன பிறகு ஒரு விஷயம் நினைவுக்கு வந்து, அந்தக் குண்டூசி எல்லாம் தொண்டைக்குள் இறங்கினமாதிரி ஆயிற்று. போன மாதம் மரத்தைப் பற்றிச் சண்டை போடுகிற சாக்கில், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன்: "நானும் மூணு வருஷமா கத்தறேன், செவிடன் காதுல ஊதின சங்கு மாதிரி இருக்கு." அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். கேட்டுச் சிரித்தாரா, கேட்காமல் சிரித்தாரா என்று இப்போது தெரியவில்லை. எனக்கு நாக்கில் சனி.

அன்று சாயங்காலம் குருவி வந்தாள். தினமும் வருவாள். ஊசிகளில் நூல் கோத்து வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போவது அவள் வேலை. கூலியாக வண்ணத் துண்டுத் துணி. எனக்கு நேரமில்லை என்று அவளிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் ஊசிக் காது என் கண்ணுக்குத் தெரியாமல் போய் ஒரு வருடம் ஆகிறது. கண் போன தையல்காரியிடம் யார் துணி கொடுப்பார்கள்? அதனால் நேரமில்லை.

அன்றைக்கு அவள் பேசாமல் கோத்தாள். ஐந்து ஊசி முடிந்தும் பேச்சில்லை.

"என்னடி, வாயில பூட்டு?"

"அப்பாகிட்ட இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன் அத்தை."

"ஏன்?"

"அவரு கேக்கறதே இல்ல. சும்மா ம்ம், ம்ம்னு சொல்றாரு." ஊசியைக் குத்திவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "நேத்து முதுகுல நடக்கும்போது, எங்க டீச்சர் மாடு மேல ஏறிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாங்கன்னு சொன்னேன். ம்ம்னாரு. மாடு கரும்பலகைய நக்கிருச்சுன்னு சொன்னேன். அதுக்கும் ம்ம். நான் என்ன சொன்னாலும் அவருக்கு ஒண்ணுதான்."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்தக் குழந்தைக்குப் புரிந்தது வேறு. அப்பாவுக்குத் தன்மேல் அக்கறை இல்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். குப்புறப் படுத்தால் அவருக்கு அவள் முகம் தெரியாது, உதடு தெரியாது. முதுகில் கால் படுகிற இடமெல்லாம் பேச்சும் வந்துகொண்டிருக்கும் என்று நம்பி, குத்துமதிப்பாக ம்ம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனை நாளாகவோ.

அன்று பக்கத்து வீட்டு முன்னறையில் பாய் விரிந்தது, குருவி முதுகில் நடந்தாள், பேசவில்லை. கீழேயிருந்து மட்டும் அவ்வப்போது "ம்ம்" வந்தது. என் ஜன்னலுக்கு அது நன்றாகக் கேட்டது. அழுகை வந்துவிட்டது எனக்கு.

மறுநாள் துணி துவைக்கிற கல்லில் அண்ணியைப் பிடித்தேன். நெட்டையனுக்குக் கொடுத்த வாக்கு காலைவரைதான் தாங்கியது. எடுத்த எடுப்பில் சொல்ல வராமல், "அண்ணி, அண்ணனுக்குக் காது..." என்று இழுத்தேன்.

அண்ணி துணியைப் பிழிந்துகொண்டே, "தெரியும்" என்றாள்.

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"ஒண்ணரை வருஷமா. மொதல்ல குக்கர் சத்தம் போச்சு. அப்புறம் பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்பறதில்ல. அவரா சொல்லட்டும்னு இருந்தேன். சொல்லல. சரி, ஆம்பளைக்கு அது ஒரு ரோஷம், நாமளே பாத்துக்குவோம்னு விட்டுட்டேன். கூப்பிடணும்னா தரையில கால ஓங்கி மிதிப்பேன், அதிர்வு தெரியும். பேசணும்னா முன்னாடி போய் நிப்பேன்."

கலியாணமாகி இருபது வருடம் ஆகியும் முகத்தோடு முகம் பார்த்துப் பேசுகிற ஜோடி என்று நான் அவர்களைப் பார்த்துப் பொறாமை வேறு பட்டிருக்கிறேன். கொடுத்துவைத்தவள் என்று என் அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

"லாரிக்காரர் வந்தா நானே பதில் சொல்லிடுவேன். விருந்தாளி வந்தா பக்கத்துலயே உக்காந்துக்குவேன். முழுப் பூசணிக்காய இத்தன நாள் சோத்துல மறைச்சிருக்கேன் நாத்தனாரே. நீ ஒருத்தி கண்டுபிடிச்சிட்டே." சிரித்தாள். பாவி, சிரித்தாள்.

நான் சட்டையைப் பற்றிச் சொன்னேன். பிளந்த மரத்தைப் பற்றி, மூன்று தட்டைப் பற்றி, நெட்டையன் விரலால் காதைக் குடைந்துகொண்டதைப் பற்றி, எல்லாம் சொன்னேன்.

அண்ணி கையிலிருந்த துணி கல்லில் இருந்து நழுவி மண்ணில் விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

"வீட்டுக்குள்ள மூடினேன்" என்றாள். "வீட்டுக்குள்ளதானே மூடினேன். மலையிலயும் மூடினதா ஆகும்னு எனக்குத் தோணவே இல்லியே. என் தம்பிய நானே அனுப்பி வெச்சிருக்கேனே."

என்ன சமாதானம் சொல்வது? மண்ணில் விழுந்த துணியை எடுத்து மறுபடி அலசினேன். அவள் கல்லில் உட்கார்ந்து தைலமரத்தைப் பார்த்தாள்.

"இத ஏன் வெட்டாம வெச்சிருக்காருன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள் பிறகு. "மொதல்ல சோம்பல்னே வெச்சுக்குவோம், அப்புறம் தட்டிப் பாத்திருப்பாரு. சத்தம் வந்திருக்காது."

சனிக்கிழமை மத்தியானம் மேகம் கறுத்துக் காற்று அடித்தது. மழை ஒன்றும் பெரிதாக வரவில்லை. ஆனால் தைலமரத்தின் ஒரு கிளை முறிந்து என் கூரைமேல் விழுந்தது. நான்கு ஓடு போயிற்று. விழுந்த இடத்துக்கு நேர்கீழே என் மிஷின். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்ததால் இந்தக் கதையைச் சொல்ல மிஞ்சினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் கோடாலியோடு மரத்தடிக்கு வந்தார். நான் ஜன்னலைச் சாத்துவதுபோலச் சாத்தி, இடுக்கு வழியாகப் பார்த்தேன். முழங்காலில் ஒரு தட்டு. இடுப்பில் ஒரு தட்டு. நெஞ்சில் ஒரு தட்டு. தலையைச் சாய்த்தார். மறுபடி தட்டினார். மறுபடி. கோடாலியைக் கீழே போட்டுவிட்டு, காதை மரத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு கைமுட்டியால் தட்டினார். பிறகு நெற்றியை மரத்தில் முட்டுக்கொடுத்து அப்படியே நின்றார்.

அண்ணி வந்தாள். வழக்கம்போல முன்னால் போய் நிற்க இடமில்லை, முன்னால் மரம். பின்னால் நின்று, "என்னங்க" என்றாள். அவர் திரும்பவில்லை. தரையில் காலை ஓங்கி மிதித்தாள். ஈர மண், அதிரவில்லை. அவள் அப்படியே நின்றாள். ஒன்றரை வருடமாக அவள் எழுப்பிய கோட்டை அந்த ஈர மண்ணில் சரிந்துபோனது என்று நினைக்கிறேன். மூச்சை இழுத்து, தெருவே கேட்கிறமாதிரி கத்தினாள்.

"என்னங்க! உங்களுக்குக் காது கேக்கல!"

எதிர்வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. அவ்வளவு சத்தம் அவருக்கும் எட்டியிருக்கிறது; அண்ணன் திரும்பினார்.

"தெரியும்" என்றார். அவரும் சத்தமாகத்தான் சொன்னார். தன் குரல் எவ்வளவு போகிறது என்று அவருக்குத் தெரியாதே. "உனக்குத் தெரியும்னும் தெரியும்."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் ஒரே பொருளை ஒளித்து வைத்து விளையாடியிருக்கிறார்கள்.

"அவன் செத்திருப்பான்" என்றார் அண்ணன். "உன் தம்பி. என் கண்ணு முன்னாடி. கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். சொன்னா அப்புறம் மலைக்கு யாரு என்னக் கூட்டிட்டுப் போவா? வேற என்ன வேலை தெரியும் எனக்கு? தட்டும்போது கைக்கு ஒரு அதிர்வு வரும், அத வெச்சுச் சமாளிச்சிடலாம்னு நெனச்சேன். ஒரு வருஷம் சமாளிச்சேன். அன்னைக்குக் கை பொய் சொல்லிருச்சு."

"விடுங்க. மலைக்குப் போகாட்டி என்ன..."

"அது இல்ல." அவர் குரல் உடைந்தது. "மரச் சத்தம் போனதுக்கு நான் அழல. குருவி முதுகுல நின்னு எதையோ சொல்றா. அந்தக் கால் துள்றதுலயே தெரியுது, ஏதோ சந்தோஷமாத்தான் சொல்றா. என்னன்னு தெரியல. ம்ம் ம்ம்னு பொய் சொல்லிக்கிட்டுக் கெடக்கேன். ரெண்டு மூணு நாளா அந்தக் காலும் துள்ளல."

வாசற்படியில் குருவி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று எங்களுக்குத் தெரியாது. ஓடிவந்து அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

யார் போய்ச் சொன்னார்களோ, சற்று நேரத்தில் நெட்டையன் தோளில் கயிற்றுச் சுருளோடு வந்துவிட்டான். தெருவே கேட்ட விஷயம் அவன் வீட்டுக்குப் போகாதா? நேராக மாமாவின் முன்னால் வந்து நின்று, வாயை அகலத் திறந்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"மாமா. இனிமே தட்டறது நானு. வெட்டறது நீங்க. சம்மதமா?"

அண்ணன் அவன் கன்னத்துச் சிராய்ப்பைக் கட்டைவிரலால் தொட்டார்.

"வாயப் பொளக்காதடா, ஈ பூந்துடும். சாதாரணமாப் பேசு, புரியுது."

மரத்தை அன்றைக்கே எடுப்பது என்று முடிவாயிற்று. தட்டுவது நெட்டையன் என்றாலும், அண்ணி கோடாலியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இது என் வீட்டு மரம். சந்தையில இருபது வருஷமா மண்பானை தட்டி வாங்கறேன், ஒண்ணாவது ஓட்டையா வந்திருக்கா?" அவள் தட்ட, நெட்டையன் கேட்க, இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட இடத்தில் நான் துணியில் கோடு போடுகிற நீல சாக்குக்கட்டியால் அடையாளம் வைத்தேன். என் வீட்டுப் பக்கம் அடியிலிருந்து இடுப்புவரை 'பொத்'. அதற்குமேல் ஒரு சாண் சந்தேகம். அதற்கு மேலே 'ணங்'. மூன்று வருடமாகக் கரையான் உள்ளே குடித்தனம் நடத்தியிருக்கிறது, அதுவும் என் கூரையைப் பார்த்த பக்கமாக.

அண்ணன் நீலக் கோட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். தையல்காரி போட்ட கோட்டின்மேல் வெட்டுவது இதுதான் முதல் தடவை என்றார். அளவு தப்பினால் தைத்துக் கொடுக்க முடியாது என்றேன். சிரித்தார்.

மத்தியானம்வரை நெட்டையன் மேலே ஏறிக் கிளைகளைக் கழித்து ஒவ்வொன்றாகக் கயிற்றில் இறக்கினான். பிறகு உச்சியில் வடம் கட்டி, தெருக்கோடிவரை இழுத்து, எட்டு ஆட்களைப் பிடிக்க வைத்தான். விழ வேண்டியது எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கிற சந்தில். இரண்டு பக்கமும் ஆறு அடி இடைவெளி இருந்தால் அதிகம்.

வெட்டுகிறதில் கடைசிக் கட்டம்தான் காதின் வேலை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முக்கால்வாசி அறுத்ததும் மிஷினை நிறுத்திவிட்டு ஆப்பு அடிப்பார்கள். ஒரு அடி அடித்துவிட்டு நின்று கேட்க வேண்டும். மரம் புறப்படுவதற்கு முன் உள்ளே 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் வருமாம். அது கேட்டதும் விலகிவிட வேண்டும். அதற்குமேல் ஒரு அடி அடித்தாலும் ஆபத்து.

நெட்டையன் ஒரு மெல்லிய கயிற்றின் நுனியை அண்ணனின் இடுப்பில் கட்டினான். மறுநுனியை அண்ணி கையில் கொடுத்தான்.

"ஒரு தடவ இழுத்தா நிறுத்தணும். ரெண்டு தடவ இழுத்தா விலகணும். இத்தன நாள் பொத்தி வெச்ச மாதிரி இல்லாம, நல்லா இழு."

"அவரு விலகலன்னா?"

"அக்கா கயித்துக்கு மாமா விலகாம இருந்திருக்காரா? ஊருக்கே தெரியும்."

அண்ணன் மிஷினை இயக்கினார். நீலக் கோட்டுக்கு மேலே, சந்துப் பக்கம் வாய் மாதிரி ஒரு பள்ளம் அறுத்து எடுத்தார். பின்பக்கம் போய் அறுக்க ஆரம்பித்தார். மரத்தூள் அவர் முழங்கால்வரை கொட்டியது. மிஷின் நின்றது. ஆப்பை வைத்து ஒரு அடி அடித்தார். நின்றார். பழக்கத்தில் தலை தானாகச் சாய்ந்தது, பிறகு நிமிர்ந்தது. அடுத்த அடி. நின்றார். எட்டுப் பேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கியிருந்தார்கள். அண்ணி கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவள் பின்னால் குருவி, அவள் பின்னால் நான். மூன்றாவது அடி.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணியின் கை இரண்டு தடவை வெட்டி இழுத்தது.

அண்ணன் கோடாலியை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். எட்டே எட்டு அடி எடுத்து வைத்தார், ஓடவில்லை. நிஜமாகத்தான் இழுத்தாயா, மரம் என்ன சொன்னது, இன்னும் ஒரு அடி அடிக்கலாமா என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்தைந்து வருடம் தன் காதைத் தவிர எதையும் நம்பாத மனிதர். அவர் அண்ணியின் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் எங்களுக்கெல்லாம் அந்தச் சத்தம் கேட்டது. மரம் மெல்லப் புறப்பட்டு, வடம் போன வழியில் போய், சந்தில் நீளமாக விழுந்தது. என் வேலிக்குச்சி ஒன்று முறிந்தது. அவ்வளவுதான்.

தரை அதிர்ந்தது அவருக்கும் காலில் தெரிந்திருக்கும். "விழுந்துடுச்சா?" என்று முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார். அண்ணி அவர் முன்னால் போய் நின்று தலையாட்டினாள். கயிற்றை விடவில்லை.

சாயங்காலம் என் கூரை ஓடுகளை அண்ணனும் நெட்டையனும் மாற்றிக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் காது டாக்டரிடம் போவது என்று பேச்சு வந்தது. "அத்தையவும் கூட்டிட்டுப் போலாம், அவங்களுக்கு ஊசிக் காது தெரியாது" என்றாள் குருவி, சாவகாசமாக. அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. எனக்கு நேரமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணி பார்த்த பார்வையில் சரி என்றுவிட்டேன். ஒரே பஸ், ஒரே கூட்டமாகப் போய்விட்டு வந்துவிடலாம்.

மரம் போன இடம் வழியாக வெயில் நேராக என் ஜன்னலுக்குள் விழுந்தது. பக்கத்து வீட்டு முன்னறையும் இப்போது நன்றாகத் தெரிந்தது. அண்ணன் குளித்துவிட்டு வந்து பாயை விரித்தார். பழக்கத்தில் குப்புறப் படுக்கப் போனவர், நின்று, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். குருவியைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார். இரண்டு முழங்காலும் முட்டுகிற அளவுக்குக் கிட்டே.

"சொல்லு" என்றார். "விட்டதையெல்லாம் சொல்லு."

குருவி அவர் முகத்தைப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக ஆரம்பித்தாள்.

"எங்க டீச்சர்... மாடு மேல ஏறி... பள்ளிக்கூடத்துக்கு வந்தாங்க."

அண்ணன் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடி சொல்லச் சொன்னார். அவள் மறுபடி சொன்னாள்.

"மாடு மேலயா?" என்றார். யோசித்தார். "மாடு என்ன நிறம்?"

குருவி அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள், கையை எடுத்துவிட்டு, அவருக்குத் தெரிகிறமாதிரி நன்றாகச் சிரித்தாள்.